நெல்லைக்கு எத்தனை எழுத்து? பழகிப் பார்க்க ஒரு ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்

ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு எழுத வந்துவிட்டது, அடுத்து என்ன கற்றுக்கொள்வது என்று கேட்கிற பிள்ளைகளுக்கு நான் ஒரே பதில்தான் சொல்வேன்: ஒரு பேக்கேஜ் எழுதுங்கள். ரியாக்ட் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். பத்து இருபது வரியில் முடிகிற ஒரு வேலையை எடுத்து, அதை இன்னொருவர் தன் ஃபோல்டரில் நிறுவி, உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் பயன்படுத்துகிற அளவுக்கு ஒழுங்கு செய்யுங்கள். அந்த ‘ஒரு கேள்வியும் கேட்காமல்’ என்ற இடத்துக்குக் கொண்டு வருவதற்குள் நீங்கள் கற்றுக்கொள்வது நிறைய.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடிக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் சில கல்லூரிப் பிள்ளைகள் லேப்டாப்போடு வருவார்கள். அக்கா மகனும் அதில் ஒருவன். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இணையத்தில் பேக்கேஜ் பாடங்களைத் தேடினால், பெரும்பாலும் இரண்டு எண்ணைக் கூட்டுகிற பங்ஷனோ, பெயரைச் சொல்லி வணக்கம் போடுகிற பங்ஷனோதான் உதாரணமாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கூட்டுகிற பங்ஷனில் முடிவெடுக்க வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை, அதை யாரும் நிறுவப்போவதும் இல்லை, அதனால் பேக்கேஜ் என்பதே சும்மா செய்கிற சடங்கு மாதிரி பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது. உதாரணம் சின்னதாக இருக்கட்டும், ஆனால் அதற்கு ஒரு நிஜமான தேவை இருக்க வேண்டும். நாங்கள் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: ஒரு தமிழ்ச் சொல்லில் எத்தனை எழுத்து?

‘நெல்லை’ என்று எழுதி அதன் லெங்த் என்ன என்று ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டுப் பாருங்கள். 6 என்று சொல்லும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நெ, ல், லை என்று விரல் விட்டு மூன்று என்று சொல்லிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் எண்ணுவது யூடிஎஃப்-16 அலகுகளை, அதாவது உரையைச் சேமித்து வைக்கிற சிறு துண்டுகளை. யூனிகோட் என்கிற உலக மொழிகளுக்கான பொது எழுத்துப் பட்டியலில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட கட்டத்தில் ‘ந’ தனி, ஒற்றைக்கொம்பு தனி, ‘ல’ தனி, புள்ளி தனி, மறுபடி ஒரு ‘ல’, கடைசியில் ஐகாரக் குறி. ஆக ஆறு. சரி, இரண்டால் வகுத்துவிடலாமா என்றால் முடியாது, ‘அம்பை’க்கு 5 வரும், ‘களக்காடு’க்கு 8 வரும், நாம் எண்ணினால் மூன்றும் ஐந்தும்.

இதனால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கலாம். விகடகவி என்ற சொல்லை எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் ஒன்றுதான். அதை வழக்கமான முறையில், அதாவது துண்டாக்கி, திருப்பி, சேர்த்துப் பார்த்தால் முதலில் ஓர் அநாதையான இகரக் குறி வந்து நிற்கும், அதன் பிறகுதான் ‘வ’ வரும், இரண்டும் சமமில்லை என்று நிரல் தீர்ப்புச் சொல்லிவிடும். பெயர், ஊர் கேட்கிற படிவங்களிலும் இதே கதைதான். எச்டிஎம்எல்லில் உள்ளீட்டுப் பெட்டிக்கு மேக்ஸ்லெங்த் என்று ஒரு வரம்பு வைக்கிறோமே, அதுவும் இதே அலகைத்தான் எண்ணுகிறது. கல்லிடைக்குறிச்சிக்காரர் ஒருவர் 15 என்று வரம்பு வைத்த பெட்டியில் ஊர்ப் பெயரைத் தட்டினால் ‘கல்லிடைக்குறிச்’ என்பதோடு நின்றுவிடும். ஒன்பது எழுத்து ஊர் அது, ஆனால் அலகு 17. வரம்பு வைத்தவர் ஆங்கிலத்தை மனதில் வைத்து வைத்திருப்பார். தமிழில் படிவம் செய்கிற நாம் இதைச் சகித்துக்கொண்டு போகக் கூடாது என்பது என் எண்ணம்.

ஜாவாஸ்கிரிப்டிலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது, இன்டில்.செக்மென்டர் என்று பெயர். கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதைப் பிரித்துக் கொடுக்கும். குரோமில் 2020லேயே வந்துவிட்டது, ஃபயர்பாக்ஸில் 2024இல்தான் வந்தது. ‘நெல்லை’ கொடுத்தால் அழகாக மூன்று. பிள்ளைகள் எல்லாரும் தங்கள் ஊர்ப் பெயரைக் கொடுத்துப் பார்த்தார்கள். தென்காசி 4, திருநெல்வேலி 6, ஆழ்வார்குறிச்சி 8, எல்லாம் சரியாக வந்தது. திருச்செந்தூர் ரயிலில் வந்து இறங்குகிற ஒரு பிள்ளை மட்டும், “அண்ணே, எங்க ஊருக்கு ஏழுன்னு வருது. ஆறுதானே வரணும்?” என்றாள். அவள் ஊர் ஸ்ரீவைகுண்டம்.

அங்கேதான் பேக்கேஜுக்கு உயிர் வந்தது. யூனிகோடின் பொது விதி தமிழில் புள்ளி வந்தவுடன் வெட்டிவிடும். ‘ஸ்’ ஒன்று, ‘ரீ’ ஒன்று. ‘க்ஷ’வும் அப்படித்தான், ‘க்’ தனியாகவும் ‘ஷ’ தனியாகவும் போகும். பெரும்பாலான சொற்களுக்கு அந்த விதி மிகச் சரி, ‘க்க’வை ஒன்றாக எண்ணினால் தமிழே கெட்டுவிடும். ஆனால் ஸ்ரீயை யாரும் இரண்டாக எண்ணுவதில்லை. அப்படியானால் எதை ஒன்றாக எண்ணுவது, எதை இரண்டாக விடுவது என்று நாம் ஒரு முடிவு எடுக்க வேண்டும், எடுத்த முடிவை எழுதி வைக்க வேண்டும். பேக்கேஜின் சாரமே அந்த முடிவுதான்.

கடைசியில் நாங்கள் எழுதிய பங்ஷன் ஒரே ஒரு ரெஜெக்ஸில், அதாவது உரைக்குள் தேட வேண்டிய வடிவத்தைச் சொல்கிற ஒரு கோவையில், அடங்கிவிட்டது. முதலில் ‘க்ஷ’வும் அதைத் தொடர்கிற குறிகளும், அது இல்லையென்றால் ‘ஸ்ரீ’, அதுவும் இல்லையென்றால் ஏதாவது ஓர் எழுத்தும் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிற குறிகளும். எது எழுத்து, எது குறி என்பதை நாம் பட்டியல் போட வேண்டியதில்லை, ஜாவாஸ்கிரிப்டின் 2018 பதிப்பிலிருந்து ரெஜெக்ஸுக்குள்ளேயே யூனிகோட் வகையைக் கேட்கலாம். யூ என்ற ஆப்ஷனை மறக்காமல் போட வேண்டும், அவ்வளவுதான். வரிசை முக்கியம், பொதுவான பகுதியை முதலில் வைத்தால் ‘க்’ தனியாகப் போய்விடும். ஆய்த எழுத்தை யூனிகோட் எழுத்து வகையிலேயே வைத்திருப்பதால் ‘அஃது’ மூன்றாகவே வரும். இடைவெளி, முற்றுப்புள்ளி எல்லாம் தானாகவே விலகிவிடும். இமோஜி கலந்த உரை என்றால் செக்மென்டர்தான் ஏற்றது, எங்களுக்கு எழுத்து மட்டும் போதும்.

இதில் ஸ்ரீக்கு ஒரு சங்கதி உண்டு. ஸகரத்தை வைத்து எழுதுகிற ஸ்ரீ ஒன்று, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தை வைத்து எழுதுகிற ஸ்ரீ இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ரெஜெக்ஸில் இரண்டையும் சேர்த்தே எழுதினோம்.

இதேபோல இன்னொன்று: ஒகரக் குறி. ‘கொ’ என்பதில் உள்ள குறி ஒரே அலகாகவும் வரலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என்று இரண்டு அலகாகவும் வரலாம். பாளையங்கோட்டை என்பது ஒரு வகையில் 13 அலகு, இன்னொரு வகையில் 14. எழுத்து என்னவோ ஏழுதான். எண்ணிக்கைக்கு இதனால் பாதிப்பில்லை, ஆனால் பிரித்துக் கொடுத்த எழுத்துகளை ஒப்பிடும்போது ‘கோ’வும் ‘கோ’வும் சமமில்லை என்று வரும். அதனால் உள்ளே வருகிற சொல்லை முதலில் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது பிரிந்து கிடக்கிற குறிகள் ஒரே அலகாகச் சேர்ந்த வடிவத்துக்கு, நார்மலைஸ் செய்துவிட்டுத்தான் எண்ணத் தொடங்க வேண்டும். ஒரே ஒரு அழைப்பு, ஆனால் இருக்க வேண்டிய அழைப்பு.

இவ்வளவும் பார்த்த பிறகு அக்கா மகன் கேட்டான், “மாமா, மொத்தம் பத்து வரிதானே? வேணுங்கற எடத்துல காப்பி பண்ணி ஒட்டிக்கிட்டாப் போதாதா? இதுக்குப் போயி ஒரு பேக்கேஜா?”

நியாயமான கேள்வி, இதற்குப் பதில் சொல்லாமல் பேக்கேஜ் பாடம் நடத்தக் கூடாது. 2016 மார்ச்சில் நடந்ததை அவனுக்குச் சொன்னேன். லெஃப்ட்-பேட் என்று ஒரு பேக்கேஜ், ஒரு சரத்தின் இடப்பக்கம் இடைவெளியோ சுழியமோ சேர்த்து நீளம் சரிசெய்வது, மொத்தம் 11 வரி. அதை எழுதியவருக்கும் ஒரு நிறுவனத்துக்கும் வேறொரு பேக்கேஜின் பெயர் தொடர்பாகத் தகராறு வந்து, அவர் தன்னுடைய 250க்கும் மேற்பட்ட பேக்கேஜ்களை, ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் பொதுப் பதிவகமான என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட்டார். பேபல் போன்ற பெரிய கருவிகள் சுற்றி வளைத்து அந்த 11 வரியை நம்பியிருந்ததால், உலகம் முழுக்கப் பலருடைய பில்ட், அதாவது நிரலை ஓட்டத் தயாராக்குகிற வேலை, உடைந்தது. சில மணி நேரத்தில் என்பிஎம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலேயே அந்த வேலைக்கு பேட்ஸ்டார்ட் என்ற வசதி வந்துவிட்டது.

இதைக் கேட்டதும் சின்ன பேக்கேஜே கூடாது என்று சிலர் முடிவு கட்டுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வரி எத்தனை என்பதைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. அந்த வரிகளுக்குள் இருக்கிற முடிவு நாளைக்கு மாறுமா, மாறினால் எத்தனை இடத்தில் மாற்ற வேண்டும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். நார்மலைஸ் செய்கிற அந்த ஓர் அழைப்பு விடுபட்ட பிரதிகள் நாலு ஃபோல்டரில் ஒட்டிக் கிடந்தால் நாலையும் யார் தேடித் திருத்துவது? இரண்டு எண்ணைக் கூட்டுகிற பங்ஷனுக்கு இந்தப் பிரச்சினை வரவே வராது, எழுத்து எண்ணுகிற பங்ஷனுக்கு வரும். அதனால் இது பேக்கேஜாக இருக்கத் தகுதி உள்ளது. கூடவே, நம் பேக்கேஜ் வேறு எதையும் நம்பி இருக்காது என்றும் அன்றைக்கே முடிவு செய்தோம். டிபென்டன்சி பட்டியல் காலி.

என்பிஎம் இனிட் கொடுத்து பேக்கேஜின் விவரக் கோப்பான பேக்கேஜ்.ஜேசன் உருவாக்குவதெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். டைப் என்ற இடத்தில் மாட்யூல் என்று போடுங்கள், இப்போது புதிதாகத் தொடங்குகிறவர்கள் ரெக்வயர் என்ற பழைய இம்போர்ட் முறையின் பக்கம் போக வேண்டியதில்லை. நின்று கவனிக்க வேண்டிய இடம் அதே கோப்பில் வருகிற எக்ஸ்போர்ட்ஸ். நெல்லைப் பக்கத்துத் தெரு வீடுகளில் வருகிறவர்கள் முன்வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு முன்கட்டில் உட்காருவார்கள், அடுக்களைக்குள் போய்ச் சட்டியைத் திறந்து பார்க்க மாட்டார்கள். எக்ஸ்போர்ட்ஸ் அந்த முன்வாசல். அதில் இண்டெக்ஸ் கோப்பை மட்டும் குறிப்பிட்டால், உள்ளே ரெஜெக்ஸ் வைத்திருக்கிற கோப்பை யாராவது நேராக இம்போர்ட் செய்யப் பார்த்தால் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுகிற நோடே தடுத்துவிடும். அப்படித் தடுப்பதால்தான் நாளைக்கு அந்த ரெஜெக்ஸைத் தூக்கிப்போட்டுவிட்டுச் செக்மென்டருக்கு மாறுகிற சுதந்திரம் நமக்கு மிஞ்சுகிறது.

எக்ஸ்போர்ட்ஸ் வைத்தால் இன்னொரு நல்லதும் உண்டு, பலர் இதைப் பயன்படுத்துவதில்லை: பேக்கேஜ் தன்னைத் தானே தன் பெயரால் இம்போர்ட் செய்துகொள்ளலாம். எங்கள் டெஸ்ட் கோப்பு பக்கத்து ஃபோல்டரின் பாதையைச் சொல்லாமல் பேக்கேஜின் பெயரைச் சொல்லித்தான் பங்ஷனை வாங்குகிறது. வெளியாள் எந்த வழியாக வருவாரோ அந்த வழியாகவே டெஸ்டும் வருகிறது.

டெஸ்டுக்குத் தனியாக எதையும் நிறுவ வேண்டாம். நோட் 18இல் டெஸ்ட் ஓட்டும் வசதி உள்ளேயே வந்துவிட்டது, 20இல் அது உறுதியான அம்சமாகவும் ஆகிவிட்டது. எங்கள் டெஸ்டின் முதல் பாதி முழுக்க ஊர்ப் பெயர்கள்: நாங்குநேரி 5, சேரன்மகாதேவி 7, அம்பாசமுத்திரம் 9, ஸ்ரீவைகுண்டம் 6. இரண்டாம் பாதி எனக்கு ரொம்பப் பிடித்தது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இதைக் கையால் தட்ட வேண்டியதில்லை, பதினெட்டு மெய்யையும் பதினொரு குறியையும் இரண்டு லூப்பில் சுற்றினால் உயிர்மெய் எல்லாம் வந்துவிடும், அகரத்துக்கு மட்டும் குறி கிடையாது. ஒவ்வொன்றுக்கும் விடை 1 என்று வர வேண்டும். பள்ளியில் சுவரில் தொங்கிய எழுத்து அட்டவணை முழுவதும் நொடிக்குள் ஓடி முடிந்து பச்சை டிக் வருவதைப் பார்க்கிறபோது பிள்ளைகளுக்கு ஒரு தெம்பு வருகிறது.

இப்போது எல்லாரும் அவசரப்படுகிற இடம்: உடனே என்பிஎம்மில் ஏற்றிவிட வேண்டும் என்பார்கள். வேண்டாம். முதலில் பக்கத்தில் இன்னொரு ஃபோல்டர் திறந்து அங்கே நிறுவிப் பாருங்கள். இதற்கு இரண்டு வழி இருக்கிறது, இரண்டும் ஒன்றில்லை. என்பிஎம் இன்ஸ்டாலுக்கு ஃபோல்டரின் பாதையைக் கொடுத்தால் அது வெறும் இணைப்பைத்தான் போடும், நீங்கள் இங்கே மாற்றியது அங்கே உடனே தெரியும், எழுதிக்கொண்டிருக்கும்போது வசதி. ஆனால் அந்த வழியில் உங்கள் ஃபோல்டரில் உள்ள எல்லாக் கோப்பும் தெரிகிறது, ஆகவே ஒரு கோப்பைப் பொட்டலத்தில் சேர்க்கத் தவறினாலும் வேலை செய்யும். என்பிஎம் பேக் கொடுத்தால் பதிவகத்துக்குப் போகப்போகிற அதே பொட்டலம், டிஜிஇசட் கோப்பாக, கையில் வந்துவிடும். அதை நிறுவிப் பாருங்கள். பேக்கேஜ்.ஜேசனில் உள்ள ஃபைல்ஸ் பட்டியலில் எதை விட்டீர்கள், தேவையில்லாமல் எதைச் சேர்த்தீர்கள் என்பது அப்போதுதான் தெரியும். பேக்கேஜ்.ஜேசன், விளக்கக் கோப்பான ரீட்மீ, லைசென்ஸ் மூன்றும் நீங்கள் சொல்லாமலே உள்ளே போய்விடும். டிரை-ரன் ஆப்ஷன் சேர்த்தால் பொட்டலம் கட்டாமல் பட்டியலை மட்டும் காட்டும்.

எங்களுக்கு அந்த இரண்டாவது ஃபோல்டர் ஒரு சொல் விளையாட்டு, ஐந்தெழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்கிற விளையாட்டு. முக்கூடலும் களக்காடும் அதில் விடைகள்.

1.0.0 மாதிரி மூன்று பகுதியாக வருகிற வெர்ஷன் எண் பற்றி இணையத்தில் எவ்வளவோ படிக்கலாம், ஆனால் இந்தச் சின்ன பேக்கேஜில் அது புரிகிற மாதிரி வேறு எதிலும் புரியாது. நார்மலைஸ் விடுபட்டதைச் சேர்த்தால் கடைசி எண் கூடும். எழுத்துகளைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுக்கிற புதிய பங்ஷன் சேர்த்தால் நடு எண் கூடும். இனி ‘க்ஷ’வை இரண்டு எழுத்தாக எண்ணுவோம் என்று மனம் மாறினால்? பங்ஷன் பெயர் மாறவில்லை, உள்ளே போவதும் மாறவில்லை, ஒரு வரிகூட மற்றவர் திருத்த வேண்டியதில்லை. ஆனாலும் முதல் எண்தான் கூட வேண்டும், ஏனென்றால் நேற்று 3 என்று சொன்ன சொல்லுக்கு இன்று 4 என்று சொல்கிறோம், அதை நம்பி விளையாட்டு எழுதியவருக்கு அது உடைந்துபோன பொருள். பயன்படுத்துகிறவருடைய பேக்கேஜ்.ஜேசனில் 1.0.0க்கு முன்னால் கேரட் குறி (^) இருந்தால் 2.0.0க்குக் கீழே எது வந்தாலும் ஏற்றுக்கொள்ளும், ஆகவே முதல் எண்ணைக் கூட்டாமல் விட்டால் அவருக்குத் தெரியாமலே விடை மாறிவிடும். முதல் எண் சுழியமாக இருக்கும்வரை கேரட் இன்னும் கண்டிப்பு, 0.1.0 கேட்டவருக்கு 0.2.0 போகாது.

பங்ஷனுக்கு ‘எழுத்துகள்’ என்றே பெயர் வைத்தோம், தமிழிலேயே. ஜாவாஸ்கிரிப்ட் அதைத் தாராளமாக ஏற்றுக்கொள்கிறது. தமிழ்ப் பெயர் வைக்கும்போது ஒகர, ஓகாரக் குறி உள்ள பெயர்களில் மட்டும் கவனம் வேண்டும், ‘தொகை’ என்று ஒரு வேரியபிள் இருந்து, ஒருவர் கோப்பில் குறி ஒரே அலகாகவும் இன்னொருவர் கோப்பில் இரண்டாகவும் இருந்தால், ஜாவாஸ்கிரிப்டுக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். பேக்கேஜின் பெயருக்குத் தமிழ் எழுத்து செல்லாது, அதில் சிறிய ஆங்கில எழுத்துதான். ரீட்மீயைத் தமிழில் எழுதினோம். எதை ஒன்றாக எண்ணுகிறோம், எதை விடுகிறோம் என்பது மேலேயே இருக்கிறது, நிறுவும் வழி அதற்குக் கீழே.

வெளியிடுவதாக இருந்தால் உங்கள் பயனர் பெயரை முன்னொட்டாக வைத்து வெளியிடுங்கள், பொதுப் பெயர்களைப் பழகுவதற்காகப் பிடித்துவைப்பது மற்றவர்களுக்குச் செய்கிற நல்ல காரியமில்லை. முன்னொட்டு வைத்தால் முதல் தடவை ஆக்சஸ் பப்ளிக் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருமுறை போன வெர்ஷன் எண் போனதுதான், நீக்கினாலும் அதே எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது, 72 மணி நேரத்துக்குப் பிறகு நீக்குவதற்கே நிபந்தனைகள் உண்டு. வெளியிடவே வேண்டாம் என்றாலும் குறையில்லை, கிட்ஹப்பில் வைத்திருந்தால் அங்கிருந்தே என்பிஎம் இன்ஸ்டால் செய்யலாம்.

விளையாட்டு எழுதிய பையன் ஒரு சிக்கலைக் கொண்டுவந்திருக்கிறான். கௌதம் என்ற பெயருக்குச் சில நேரம் 3 வருகிறது, சில நேரம் 4. ஔகாரக் குறியைத் தட்டத் தெரியாதவர்கள் ஒற்றைக்கொம்பு போட்டு, அப்புறம் ‘ள’ போட்டுவிடுகிறார்கள். பார்வைக்கு ஒன்றுதான், ஆனால் என்எஃப்சி இதைச் சேர்க்காது, யூனிகோடைப் பொறுத்தவரை அது ‘கெ’யும் ‘ள’வும். அப்படி வருகிற இடத்தையெல்லாம் பங்ஷனுக்குள்ளேயே ஔகாரமாக மாற்றிவிடலாம் என்றான். மாற்றினால் கெளுத்தி மீன் என்ன ஆகும்? அதில் நிஜமாகவே ‘கெ’யும் ‘ளு’வும் இருக்கின்றன. எண்ணுகிற பங்ஷன் கொடுத்ததை எண்ண வேண்டும், திருத்தக் கூடாது என்று எல்லாரும் பேசி முடிவு செய்தோம். அதற்குப் பதிலாக, இப்படிச் சந்தேகமான இடம் சொல்லில் எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டுகிற இன்னொரு பங்ஷனை அக்கா மகன் எழுதிக்கொண்டிருக்கிறான். ஊர்ப் பெயர் டெஸ்டுகளோடு கெளுத்தியும் சேர்ந்து பச்சை காட்டினால் அது 1.1.0 ஆகப் போகும்.